திக்குவாய்: மூளையின் வேதியியலும் கேட்பவரின் பொறுமையும்

திக்கிப் பேசும் பெரியவர்கள் பலருக்கு மிகக் கடினமான சொல் அவர்களுடைய சொந்தப் பெயர்தான். வேறு எந்தச் சொல்லில் தடை வரப்போவதாகத் தோன்றினாலும் கடைசி நொடியில் இன்னொரு சொல்லுக்குத் தாவிவிடலாம். 'தண்ணீர்' வராவிட்டால் 'நீர்' என்று சொல்லித் தப்பிக்கலாம். பெயருக்கு மட்டும் மாற்றுச் சொல் இல்லை. வேலைக்கான நேர்காணல், வங்கியின் தொலைபேசிச் சரிபார்ப்பு, புதிய வகுப்பின் முதல் நாள், முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு ஆகிய யாவும் அந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகின்றன. அது தொண்டையில் நின்றுபோகும் சில வினாடிகளுக்குள் எதிரில் இருப்பவர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்: பதற்றக்காரர், தயாரிப்பு இல்லாதவர், எதையோ மறைப்பவர். பிறகு வரும் விடைகள் எவ்வளவு செறிவாக இருந்தாலும் அந்த முடிவு எளிதில் மாறுவதில்லை.

திக்குவாய்க்கு இந்தியச் சமூகத்தில் இப்போது இரண்டு விளக்கங்கள் புழங்குகின்றன. "பயம்தான் காரணம், தைரியமாகப் பேசினால் சரியாகிவிடும்" என்பது பழைய விளக்கம். "மூளையில் டோபமைன் கூடிவிட்டது, அதைக் குறைத்தால் சரியாகிவிடும்" என்பது அண்மைக் காலத்தில் காணொளிகள் வழியாகப் பரவிய விளக்கம். முதலாவது தவறு. இரண்டாவது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை முழு உண்மையாக எடுத்துக்கொள்பவர்கள் மாத்திரையைத் தேடுகிறார்கள்; மாத்திரை கைவிட்டதும் பழைய விளக்கத்திடமே திரும்பித் தங்களையே நொந்துகொள்கிறார்கள். இந்த வட்டத்திலிருந்து வெளியேற வேண்டுமானால், மூளையைப் பற்றிய அறிவியல் இதுவரை எதை நிறுவியிருக்கிறது, எதை நிறுவவில்லை என்பதைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேராவது ஏதோ ஒரு காலத்தில் திக்கிப் பேசுகிறார்கள். பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில், சொற்கள் வாக்கியங்களாகக் கோக்கப்படும் பருவத்தில் இது தொடங்குகிறது. அவர்களில் முக்கால் பங்கினருக்குத் தானாகவே மறைந்துவிடுகிறது. எஞ்சியவர்களுக்கு வாழ்நாள் முழுதும் தொடர்கிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர், அல்லது அதற்குச் சற்றுக் குறைவானவர்கள், இந்தக் கணக்கில் வருகிறார்கள். பெண் குழந்தைகள் மீள்வது அதிகம் என்பதால் திக்கிப் பேசும் பெரியவர்களில் ஆண்கள் ஏறத்தாழ நான்கு மடங்கு. இந்த விகிதத்தை இந்தியாவின் மக்கள்தொகையில் வைத்துப் பார்த்தால் எண்ணிக்கை பல பத்து லட்சங்களுக்குச் செல்லும். எல்லா மொழிகளிலும் இதற்குச் சொல் இருக்கிறது: தமிழில் திக்குதல், மலையாளத்தில் விக்கு, தெலுங்கில் நத்தி, கன்னடத்தில் உக்கு, இந்தியில் ஹக்லானா. எல்லா மொழிகளிலும் அது வசைச் சொல்லாகவும் இருக்கிறது. பல மொழித் திரைப்படங்களிலும் அது சிரிப்புக்கான மலிவான வழியாக நெடுங்காலம் இருந்து வந்திருக்கிறது.

திக்குவாயின் காரணத்தைத் தேடிய வரலாறு, பெரும்பாலும் யார்மீது பழி போடலாம் என்று தேடிய வரலாறுதான். முதலில் பழி நாவின்மீது விழுந்தது. 1841இல் பெர்லினின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் டீஃபன்பாக், திக்கிப் பேசுவோரின் நாக்கிலிருந்து ஆப்பு வடிவில் தசையை வெட்டியெடுத்தார். மயக்க மருந்து வழக்கத்துக்கு வராத காலம் அது. இந்திய வீடுகளில் நாவின்மீது விழுந்த பழி கொஞ்சம் மென்மையானது. வசம்பை உரைத்து நாவில் தடவுவதும், நெல்லிக்காய் தின்னக் கொடுப்பதும், கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டு பேசச் சொல்வதும் இன்றும் நடக்கின்றன. நாவில் குறை இல்லை என்பதற்குச் சான்று எளியது: அதே நாவு தனிமையில் தடையின்றிப் பேசுகிறது, பாடுகிறது.

அடுத்து பழி பெற்றோர்மீது விழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெண்டெல் ஜான்சன், இயல்பான தடுமாற்றத்தைப் பெற்றோர் பெரிதுபடுத்தி நோய் என்று பெயரிடுவதாலேயே திக்குவாய் உண்டாகிறது என்று வாதிட்டார். அவரும் திக்கிப் பேசியவர்தான். 1939இல் அவருடைய வழிகாட்டலில் மேரி டியூடர் என்ற மாணவி, அனாதை விடுதியொன்றின் 22 குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில குழந்தைகளிடம் "உனக்குத் திக்குவாய் வருகிறது" என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அவர்கள் திக்குவாயர்களாக மாறிவிடவில்லை. ஆனால் பேசவே அஞ்சும் குழந்தைகளாக ஒடுங்கிப்போனார்கள். 2001இல் அந்தப் பல்கலைக்கழகம் இதற்காக மன்னிப்புக் கேட்டது. அந்தச் சோதனையின் முடிவை இன்று நிதானமாகப் படித்தால் அதில் ஒரு செய்தி தெளிவாக இருக்கிறது: பழிச்சொல் திக்குவாயை உண்டாக்குவதில்லை, ஆனால் பேச்சச்சத்தை உண்டாக்குகிறது. இரண்டும் வெவ்வேறு. பெரியவர்களின் துன்பத்தில் இரண்டும் பின்னிக் கிடப்பதால்தான் எது காரணம், எது விளைவு என்ற குழப்பம் நீடிக்கிறது.

மூளையைப் படம்பிடிக்கும் கருவிகள் வந்த பிறகு இந்தக் குழப்பம் பெருமளவு நீங்கியது. பேச்சைத் திட்டமிடும் பகுதியையும், உதடு, நாக்கு, குரல்வளை ஆகியவற்றை இயக்கும் பகுதியையும் இணைக்கும் வெண்ணிழைப் பாதைகளில், திக்கிப் பேசுவோருக்கு இடப்பக்க மூளையில் நுண்ணிய வேறுபாடு இருப்பதை 2002இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் காட்டினார்கள். பின்னர் வந்த பல ஆய்வுகளும் இடப்பக்கப் பாதைகளில் வேறுபாடுகளைக் கண்டன. பேசும்போது அவர்களுடைய வலப்பக்க மூளை வழக்கத்தைவிட அதிகமாக வேலை செய்வதும் மீண்டும் மீண்டும் பதிவாகியிருக்கிறது. பேசல் கேங்லியா என்ற ஆழ்மூளை நரம்புத் திரளும் இதில் முக்கியமானது. ஓர் அசைவு முடிந்து அடுத்த அசைவு தொடங்க வேண்டிய நொடியைக் குறித்துக் கொடுப்பது அதன் பணிகளில் ஒன்று. ஒரு சொல்லின் ஓர் அசையிலிருந்து அடுத்த அசைக்குச் செல்லவும் அத்தகைய சைகை தேவை. சைகை தாமதமானால் நாவு நின்ற இடத்திலேயே நிற்கும், அல்லது முதல் ஒலியையே திரும்பத் திரும்ப ஒலிக்கும். சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர் பெர் ஆல்ம் 2004இல் இந்தக் கருத்தை விரிவாக முன்வைத்தார்.

இந்த விளக்கத்தின் வலிமையை இந்திய வகுப்பறை ஒன்றிலேயே காணலாம். தமிழ்நாட்டுப் பள்ளியில் திருக்குறளையோ, வட இந்தியப் பள்ளியில் பஹாடா என்னும் வாய்ப்பாட்டையோ முழு வகுப்பும் சேர்ந்து சொல்லும்போது, திக்கிப் பேசும் மாணவரும் பெரும்பாலும் தடையின்றிச் சொல்வார். அவரை மட்டும் எழுப்பித் தனியாகச் சொல்லச் சொன்னால் முதல் சீரிலேயே நின்றுவிடுவார். பாட்டில் திக்காது, தாளத்துக்கு ஏற்பப் பேசினால் திக்காது, தனியறையில் தனக்குத்தானே பேசும்போதும் பெரும்பாலும் திக்காது. பல ஆசிரியர்கள் இதைக் கண்டு, "சேர்ந்து சொல்லும்போது வருகிறது, தனியாகச் சொல்லும்போது வரவில்லை என்றால் இது நடிப்பு" என்று முடிவு கட்டுகிறார்கள். உண்மை நேர்மாறானது. கூட்டாகச் சொல்லும்போதும் பாடும்போதும் அடுத்த அசைக்கான சைகை வெளியிலிருந்து, பிறர் குரலிலிருந்தோ தாளத்திலிருந்தோ கிடைத்துவிடுகிறது. தனியாகப் பேசும்போது அதை மூளையே உள்ளிருந்து தர வேண்டியிருக்கிறது. நடிப்பு என்று தண்டிக்கப்பட்ட அந்த வேறுபாடுதான் திக்குவாய் நரம்பியல் சார்ந்தது என்பதற்கு வகுப்பறையிலேயே கிடைக்கும் சான்று.

டோபமைன் இந்த இடத்தில்தான் வருகிறது. பேசல் கேங்லியா இயங்குவதற்கு இன்றியமையாத நரம்புக் கடத்தி அது. 1997இல் அமெரிக்காவில் ஜோசப் வூவும் அவருடைய குழுவினரும் கதிரியக்கம் சேர்த்த டோபா மூலக்கூறைச் செலுத்திப் பாசிட்ரான் உமிழ்வுப் படம் எடுத்தபோது, திக்கிப் பேசுவோரின் மூளையில் சில பகுதிகள் அதை மற்றவர்களைவிட அதிகமாக உறிஞ்சுவதைக் கண்டார்கள். டோபமைன் உற்பத்தி மிகுந்திருக்கிறது என்பது அதன் பொருள். அதற்கு முன்பே, டோபமைன் ஏற்பிகளை அடைக்கும் ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்து சிலரின் திக்குவாயைக் குறைப்பது தெரிந்திருந்தது. பிற்பாடு ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் ஆகிய மருந்துகளும் சிறு சோதனைகளில் ஓரளவு பலன் காட்டின. இந்த ஆய்வுகளை முன்னின்று நடத்திய மனநல மருத்துவர் ஜெரால்ட் மக்வயர் தாமே திக்கிப் பேசுபவர். டூரெட் நோய்க்குறியோடு உள்ள ஒற்றுமையும் கவனிக்கத்தக்கது. அதுவும் சிறுவயதில் தொடங்குகிறது, ஆண்களிடம் அதிகம், நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறது, டோபமைனை அடைக்கும் மருந்துகளுக்கு இணங்குகிறது.

இவ்வளவும் உண்மை. ஆனால் இதே கதையின் மறுபாதியை ஒரு நிமிடக் காணொளிகள் சொல்வதில்லை. 1997ஆம் ஆண்டின் ஆய்வில் திக்கிப் பேசியவர்கள் மூவர். ஒப்பீட்டுக்கு எடுக்கப்பட்டவர்கள் ஆறு பேர். ஒரு கருதுகோளைத் தொடங்கிவைக்க அது போதும், ஒரு நாட்டுக்கே மருந்து எழுதித் தரப் போதாது. மருந்துகள் தரும் பலனும் ஆளுக்கு ஆள் மாறுகிறது, குறைத்தாலும் நீக்குவதில்லை. விலையோ பெரிது. ஹாலோபெரிடால் உடலை விறைக்கச் செய்யும், மந்தமாக்கும். நீண்ட காலம் எடுத்தால் வாயும் நாக்கும் தாமாக அசைந்துகொண்டே இருக்கும் நிலையை உண்டாக்கலாம், மருந்தை நிறுத்தினாலும் அது நீடிக்கலாம். பேச்சைச் சீராக்க எடுத்த மருந்து நாவையே கட்டுப்பாடின்றி ஆட்டிவைக்கும் கொடுமை இது. ஒலான்சபின் உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் ஏற்றும். ரிஸ்பெரிடோன் புரோலாக்டின் சுரப்பைக் கூட்டும். வேறொரு கடத்தியான காபாவின் வழியாகச் செயல்படும் பேகோக்ளோன் தொடக்கத்தில் நம்பிக்கை தந்து, சந்தைக்கு வராமலே போயிற்று. திக்குவாய்க்கென்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த மருந்து ஒன்றுகூட இல்லை. ஒருவருக்கு டோபமைன் கூடுதலா என்று சொல்லும் இரத்தப் பரிசோதனையும் கிடையாது. இரத்தத்தில் அளக்கப்படும் டோபமைன் மூளைக்குள் நடப்பதைக் காட்டுவதில்லை. "டோபமைனைச் சமன்செய்யும்" என்று விற்கப்படும் பொடிகளும் மாத்திரைகளும் எதை எதனோடு சமன்செய்கின்றன என்று விற்பவரால் காட்ட முடியாது.

மரபணு ஆய்வுகளும் ஒற்றைக் காரணத்தை ஏற்பதில்லை. திக்குவாய் குடும்ப வழி வருவது நெடுங்காலமாக அறியப்பட்டதே. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் இருவருக்குமே இருக்கும் வாய்ப்பு, இருகரு இரட்டையரைவிட அதிகம். 2010இல் டென்னிஸ் டிரைனாவின் குழு, பாகிஸ்தானின் பெரிய குடும்பங்களை ஆராய்ந்து ஜிஎன்பிடிஏபி என்ற மரபணுவில் மாற்றத்தைக் கண்டது. அது டோபமைனோடு நேரடியாகத் தொடர்புடையதன்று; உயிரணுக்களுக்குள் கழிவைச் சிதைக்கும் லைசோசோம்களுக்கு நொதிகளை அனுப்பிவைக்கும் வேலையோடு தொடர்புடையது. அதே மாற்றத்தைப் புகுத்திய எலிக்குட்டிகளின் ஒலித்தொடரிலும் இடைவெளிகள் நீண்டன. 2025இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தரவுகளை அலசிய ஆய்வு, திக்குவாயோடு தொடர்புடைய 57 மரபணுப் பகுதிகளை அடையாளம் கண்டது. ஐம்பத்தேழு வாசல்கள் உள்ள வீட்டுக்கு ஒரே சாவி இருக்கும் என்று எதிர்பார்ப்பது பொருத்தமன்று. டோபமைன் அந்த வீட்டின் ஒரு முக்கியமான அறை. அதுவே வீடு ஆகிவிடாது.

அப்படியானால் பயத்துக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறிடத்தில். இரண்டரை வயதுக் குழந்தை திக்கத் தொடங்கும்போது அதற்கு நேர்காணல் பயம் கிடையாது. பயம் பின்னால் வருகிறது. கேலியும், குறுக்கிட்டு வாக்கியத்தை முடித்துவைப்பவர்களும், "மூச்சை இழுத்துவிட்டு நிதானமாகப் பேசு" என்ற ஓயாத அறிவுரையும் சேர்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஓர் அச்சத்தை நட்டுவைக்கின்றன. இருபது ஆண்டுகளில் அது முற்றுகிறது. கண்ணை மூடுவது, தொடையில் தட்டுவது, கஷ்டமான சொற்களைத் தவிர்ப்பது, தொலைபேசியை எடுக்காமலிருப்பது, கடையில் வேண்டியதைக் கேட்காமல் வாய்க்கு எளிதான பெயருள்ள பொருளை வாங்கி வருவது எனத் தப்பிக்கும் வழிகளே வாழ்க்கை முறையாகிவிடுகின்றன. ஜோசப் ஷீஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் திக்குவாயைக் கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். காதில் விழும் தடங்கல் மேலே தெரியும் சிறு முனை. அவமானமும் அச்சமும் தவிர்த்தலும் நீருக்குள் மறைந்த பெரும்பகுதி. மேல்முனையின் தோற்றுவாய் மூளையில் இருக்கிறது. கீழ்ப்பகுதியைக் கட்டியெழுப்பியதில் பெரும்பங்கு சுற்றியிருந்தவர்களுடையது.

பெரியவர்களுக்கான மேலாண்மை இந்த இரண்டு பகுதிகளையும் தனித்தனியே கையாள வேண்டும். மேல்முனைக்குப் பேச்சுப் பயிற்சி இருக்கிறது. அதில் இரு மரபுகள் உண்டு. ஒன்று, உயிரெழுத்துகளை நீட்டி, குரலை மெல்லத் தொடங்கி, உதடுகளை இலேசாகத் தொட்டு, பேச்சின் ஓட்டத்தையே புதிதாக வார்க்கும் முறை. தடங்கல் குறையும், ஆனால் எந்நேரமும் கவனம் தேவைப்படும், பேச்சு செயற்கையாக ஒலிக்கலாம். மற்றொன்று, தாமே திக்கிப் பேசிய சார்ல்ஸ் வான் ரைப்பர் வளர்த்த முறை. திக்குவதைத் தடுக்க முயலாமல், இறுக்கமின்றித் திக்கக் கற்பிப்பது. சொல் சிக்கியதும் நிறுத்தி, இறுக்கம் எங்கே இருக்கிறது என்று கவனித்து, அதைத் தளர்த்திக்கொண்டே சொல்லை வெளியே கொண்டுவருவது இதன் சாரம். தேர்ந்த பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் இரண்டையும் ஆளுக்கேற்பக் கலந்தே தருகிறார்கள். தன் குரலையே சற்றுத் தாமதமாகக் காதில் கேட்கச் செய்யும் கருவிகளும் கைப்பேசிச் செயலிகளும் சிலருக்குச் சில சூழல்களில் உதவுகின்றன.

கீழ்ப்பகுதிக்கு வேறு வேலை. திக்கிப் பேசும் பெரியவர்களிடையே சமூக அச்சக் கோளாறு மிகுதி. அறிவுசார் நடத்தைச் சிகிச்சை அந்த அச்சத்தைக் குறைக்கிறது. திக்கும் எண்ணிக்கை குறையாவிட்டாலும் தவிர்த்தல் குறைந்து வாழ்க்கை விரிகிறது. "எனக்குத் திக்கும், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்" என்று உரையாடலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது, மறைக்கும் சுமையை ஒரே வாக்கியத்தில் இறக்கி வைக்கிறது. வேண்டுமென்றே திக்கிக் காட்டும் பயிற்சி கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும், அச்சத்தின் வேரை அசைப்பது அதுதான். 2008 முதல் இயங்கும் இந்தியத் திக்குவாய்ச் சங்கம் பல நகரங்களில் நடத்தும் சுயஉதவிக் குழுக்கள் இந்த வழியில் செல்பவை. அங்கே கட்டணம் வாங்கிக் குணமாக்குபவர் யாரும் இல்லை. திக்கிப் பேசுவோர் பிறர் குறுக்கிடாமல் பேசி முடிக்க ஓர் இடம் மட்டும் இருக்கிறது. பலருக்கு வாழ்வில் முதன்முறையாகக் கிடைக்கும் இடம் அது.

மருந்துக்கு இந்தத் திட்டத்தில் இடமே இல்லை என்று சொல்வதற்கில்லை. கடுமையான திக்குவாயால் முடங்கிப்போனவர், பயிற்சியால் போதிய பலன் காணாதவர், பக்கவிளைவுகளை அறிந்து ஏற்பவர் எனில், மனநல மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் ஒரு மருந்தைச் சோதித்துப் பார்ப்பது அவருடைய உரிமை. நண்பரின் மருந்துச் சீட்டைக் காட்டி வாங்கி விழுங்குவதும், பயனில்லை என்று திடீரென நிறுத்துவதும் ஆபத்து. இன்னொன்றையும் மனத்தில் இருத்த வேண்டும்: இதுவரை சரளமாகப் பேசிய பெரியவர் ஒருவர் திடீரென்று திக்கத் தொடங்கினால் அது சிறுவயதுத் திக்குவாய் அன்று. பக்கவாதம், தலைக்காயம், அல்லது புதிதாகத் தொடங்கிய ஒரு மருந்தின் விளைவாக அது இருக்கலாம். அவர் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இந்த நேர்மையான திட்டத்தோடு போட்டியிடுவது, செய்தித்தாள் வரிவிளம்பரங்களிலும் கைப்பேசித் திரையிலும் வரும் "நூறு சதவீதம் குணம், பதினைந்தே நாளில்" என்ற வாக்குறுதி. அது செயல்படும் விதம் எளிது. மூடிய முகாமில், கேலி செய்வோர் இல்லாத சூழலில், தாளம் வைத்தாற்போல் மெல்லப் பேசப் பழக்கினால் ஏறக்குறைய எவருடைய திக்கும் குறையும். முதல் நாள் காணொளியையும் கடைசி நாள் காணொளியையும் அடுத்தடுத்துக் காட்டினால் அற்புதம் போலத் தோன்றும். வீடு திரும்பிச் சில மாதங்களில் பழைய நிலை மீளும்போது, "பயிற்சியை விட்டுவிட்டீர்கள்" என்ற பழி பணம் கட்டியவர்மீதே விழும். எந்த நிலையத்தையும் ஒரு கேள்வியால் சோதித்துவிடலாம்: ஓராண்டுக்குப் பின், தொலைபேசியில், அந்நியரிடம் பேசும் காணொளியைக் காட்ட முடியுமா? கூடவே, அங்கே பயிற்சி தருபவர் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்றும் கேட்க வேண்டும். மைசூருவின் அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம் போன்ற பொது நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக இந்தப் பணியைச் செய்துவரும் நாட்டில், இந்தக் கேள்விகள் பொதுஅறிவாகாமல் இருப்பது வருத்தத்துக்குரியது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். திக்குவதை ஏற்றுக்கொள் என்று சொல்வது முயற்சியைக் கைவிடச் சொல்வதாகாதா? பயிற்சி அறைகளின் அனுபவம் வேறுவிதம். திக்குவதை மறைக்கவே தன் ஆற்றல் முழுவதையும் செலவிடுபவருக்குப் பயிற்சி செய்ய ஆற்றல் மிஞ்சுவதில்லை. திக்கினாலும் பேசுவேன் என்று முடிவு செய்தவரே தொலைபேசியை எடுக்கிறார், கூட்டத்தில் கை உயர்த்துகிறார். பயிற்சிக்குத் தேவையான உண்மையான சூழல் அவருக்குத்தான் கிடைக்கிறது. இன்னொரு மறுப்பு வேலை தருவோரிடமிருந்து வரும்: சரளமான பேச்சே தேவைப்படும் பணிகள் இல்லையா? நொடிக்குள் சொல்லியாக வேண்டிய வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்ற சில பணிகள் இருக்கின்றன. ஆனால் பொறியாளர், கணக்காளர், ஆசிரியர், ஆய்வாளர், அரசு அலுவலர் ஆகியோரின் பணியில் சொல்லப்படும் செய்தியே முக்கியம், சொல்லும் வேகமன்று. 'தொடர்புத் திறன்' என்ற பெயரில் நேர்காணல் குழுக்கள் இடும் மதிப்பெண், பெரும்பாலும் வேகத்துக்கு இடும் மதிப்பெண்ணாகவே இருக்கிறது.

சட்டத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. உடலியல் அல்லது நரம்பியல் காரணங்களால் வரும் நிரந்தரக் குறைபாடு என்று அதற்கு வரையறை தந்துவிட்டு, எடுத்துக்காட்டாகக் குரல்வளை அகற்றத்தையும், மூளைப் பாதிப்பால் மொழியை இழக்கும் நிலையையும் மட்டுமே சொல்கிறது. திக்குவாய் அங்கே பெயரால் இல்லை. 'போன்ற' என்ற சொல் கதவைத் திறந்து வைத்திருந்தாலும், இடஒதுக்கீட்டுப் பயன்களுக்குத் தேவையான நாற்பது சதவீதக் குறைபாட்டுக் கணக்கு திக்குவாய்க்குப் பொருந்துவது கடினம். அமைதியான மருத்துவ அறையில் சரளமாகப் பேசுபவர் நேர்காணல் மேசையில் ஊமையாகலாம். எந்த நாளின் எந்தப் பேச்சை அளப்பது? மூளையியல் இத்தனை ஆண்டுகளாகத் திரட்டிய சான்றுகள் நரம்பியல் காரணத்தைச் சுட்டும்போது, வரையறையில் திக்குவாயை வெளிப்படையாகச் சேர்ப்பதற்கான நேரம் வந்துவிட்டது.

சட்டம் திருத்தப்படும்வரை காத்திருக்கத் தேவையில்லாத மாற்றங்களும் உள்ளன. வாய்மொழித் தேர்விலும் நேர்காணலிலும், கேட்பவருக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கலாம். அறிமுகப் பகுதியை எழுத்தில் தர அனுமதிக்கலாம். வகுப்பில் வரிசையாக எழுப்பி வாசிக்கச் சொல்லும்போது, ஒரு மாணவர் இன்னொருவரோடு சேர்ந்து வாசிக்க இடம் தரலாம். அடையாளச் சரிபார்ப்புக்குக் குரலை மட்டுமே நம்பும் தொலைபேசிச் சேவைகள், எழுத்துவழி மாற்று ஒன்றை வைக்கலாம். இவை எவற்றுக்கும் பெரிய செலவு கிடையாது. எதிரில் ஒருவர் திக்கும்போது செய்ய வேண்டியவை இன்னும் எளியவை: அவர் வாக்கியத்தை முடித்துவைக்கக் கூடாது, அறிவுரை கூறக் கூடாது, கண்ணைத் திருப்பிக்கொள்ளக் கூடாது, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்க வேண்டும்.

மூளையின் வேதியியலைப் பற்றிய அறிவு நாளை ஒரு நல்ல மருந்தைத் தரக்கூடும். அந்த ஆராய்ச்சி தொடர வேண்டும். ஆனால் அந்த அறிவு இன்றைக்கே தந்துவிட்ட ஒரு பயன் இருக்கிறது. திக்குவது கோழைத்தனமும் அன்று, சோம்பலும் அன்று, பெற்றோரின் குற்றமும் அன்று என்பதை அது நிறுவியிருக்கிறது. திக்கிப் பேசுவோர் பலர் தங்கள் மூளைக்கேற்பப் பேச ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்கிறார்கள். கேட்பவர்களிடம் கோரப்படுவது சில வினாடிகளின் பயிற்சிதான். அடுத்த கல்வியாண்டின் வாய்மொழித் தேர்வுகளிலும் பணித் தேர்வுகளிலும் அந்தச் சில வினாடிகள் விதியாகவே எழுதி வைக்கப்பட வேண்டும்.